ஏழாம் பதிவேட்டின் உடல்நிலை

மரியநாயகம் தம் மனைவிக்குக் குழி கேட்டுப் போனார். மனைவி உயிரோடுதான் இருந்தாள். போய்க் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பியவளே அவள்தான். கொன்ஸ்ரன்ஸ் எந்தக் காரியத்தையும் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்கிறவளல்ல. கிறிஸ்மஸ் கேக்குக்கு ஓகஸ்ட் மாதமே பழம் வெட்டி ஊறப்போடுவாள். ஜனவரியில் டொக்டர் அவளுடைய ஈரல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இந்த வருஷம் முடியும் மட்டும் எண்டு வைப்பம்" என்று சொன்னபோது மரியநாயகத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளோ கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள்.

"இஞ்சருங்கோ, எனக்கு ஒண்டுதான் வேணும். என்னைப் பிள்ளையோட போடுங்கோ. அந்த அலுவலை இப்பவே பாருங்கோ."

பிள்ளை என்றது ரோசலினை. எண்பத்தெட்டாம் ஆண்டு பிறந்து, பதினொரு நாள் இருந்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கொன்ஸ்ரன்ஸின் தாத்தா 1938இல் சேமக்காலையில் வாங்கிய குடும்பக் கல்லறையில்தான் அவளை வைத்தார்கள். அன்றைக்கு யாரும் கடதாசி கேட்கவில்லை. பதினொரு நாள் பிள்ளைக்கு யார் கடதாசி கேட்பார்கள்?

இப்போது கேட்டார்கள். சேமக்காலைக் கந்தோரின் லிகிதர் நிஸாம் நல்ல மனுஷன். முன்பின் தெரியாதவர்களுக்கும் கதிரை போடுகிறவர். அவரே கையைப் பிசைந்தார்.

"ஐயா, குழி ஈக்கி. நீங்க வருஷா வருஷம் வந்து வெள்ளையடிக்கிறதும் எனக்குத் தெரியும். ஆனா போன வருஷம் புதுச் சுற்றுநிருபம் ஒண்டு வந்தீக்கி. பழைய குழியத் தொறக்கிறதுண்டா, உரித்தாளி யாருண்டு அரசாங்கக் கடதாசி ஒண்டு வேணும். உறுதி ஈக்கா?"

"அது எண்பத்துமூண்டு ஆடிக் கலவரத்தில வீட்டோட எரிஞ்சு போட்டுது தம்பி."

அந்தக் கந்தோரில் அடிக்கடி கேட்கிற பதில்தான் அது. நிஸாம் பெயர்ச் சுட்டியைப் புரட்டி விரலை ஓட்டினார். தாத்தாவின் பெயர் இருந்தது. ஏழாம் பதிவேடு, பக்கம் 212, மூன்றாவது வரி. அந்த வரியைப் பிரதி பண்ணி முத்திரை குத்தினால் வேலை முடிந்தது, ஐந்து நிமிஷம்கூட இல்லை. நிஸாம் எழும்பி அலுமாரியைத் திறந்தார். ஆறாம் பதிவேடு இருந்தது, எட்டாம் பதிவேடு இருந்தது. நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதற்குள் ஒரு தேத்தண்ணிக் கோப்பை இருந்தது.

"அதக் கொண்டு பெய்ட்டாங்க ஐயா. போன டிசம்பர்ல."

"எங்க?"

"வெள்ளவத்தைக்கு. அதுட ஒடம்பு சரியில்லயாம்."

இப்படித்தான் மரியநாயகம், துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் மூட்டை எண்ணி ஓய்வு பெற்றவர், புத்தகங்களின் உடல்நிலை பற்றி அறியத் தொடங்கினார். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையின் கடைசியில், தேசியப் பழங்கட்டு நிலைமை ஆய்வு நிலையம் இருக்கிறது. பழைய புத்தகங்களின் கட்டு, அதாவது அட்டை, முதுகு, தையல், பசை ஆகியவை எந்த நிலையில் இருக்கின்றன என்று, புத்தகத்துக்கு ஒரு கீறலும் விழாமல் கருவிகளை வைத்தே ஆராய்வது அதன் பணி. நல்ல பணிதான், யார் இல்லை என்றது? பழைய புத்தகத்தை ஆளாளுக்குப் பிரித்துப் பிய்த்துப் பார்ப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் நல்ல பணி ஒன்றுக்கு நம்முடைய ஊரில் ஒரு பெயர்ப்பலகையும் ஒரு பணிப்பாளரும் கிடைத்துவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கட்டடம் ரயில் பாதைக்கும் கடலுக்கும் பக்கத்தில் இருந்தது. உப்புக் காற்றும் ஈரமும் பழைய புத்தகத்துக்கு ஆகாது என்பதால் ஆறு குளிரூட்டிகள் இரவு பகலாக ஓடின. பலகையில் மும்மொழியிலும் நிலையத்தின் மகுடவாசகம் எழுதியிருந்தது: திறவாது அறிவோம்.

வாசலில் காவலாளி சப்பாத்தைக் கழற்றச் சொன்னான். ஒரு குழாயைத் தந்து ஊதச் சொன்னான். கருவியைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"காலம என்ன சாப்பிட்டீங்கள்?"

"பாணும் சம்பலும்."

"சம்பலுக்கு வெங்காயம் போட்டதோ?"

"ஓம்."

அவன் படிவத்தில் வெங்காயம் என்று எழுதி, நாற்பது நிமிஷம் வெளியில் இருந்து ஆறச் சொன்னான். மரியநாயகம் ஆறினார். பிறகு, புத்தகம் இருக்கும் மாடியில் அல்ல, அதற்குக் கீழே இருந்த அறையில் பணிப்பாளரைச் சந்திக்க விட்டார்கள்.

பணிப்பாளர் கலாநிதி தியாகராசா வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். மேசையில் தொடுவதற்கு ஒன்றுமே இல்லை. மரியநாயகம் தம் அலுவலை ஒன்றுவிடாமல் சொன்னார்: மனைவி, ஈரல், பிள்ளை, 212ஆம் பக்கம், மூன்றாவது வரி. கலாநிதி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் மரியநாயகம், ஒரு புத்தகத்தைத் திறக்கேக்க என்ன நடக்குதெண்டு எப்பவாவது யோசிச்சிருக்கிறீங்களோ?"

"வாசிக்கலாம் சேர்."

"வாசிக்கிறது பக்கவிளைவு. நடக்கிறது என்னெண்டால், முதுகு வளையுது, தையல் இழுபடுது, பசை வெடிக்குது. ஒரு தரம் திறக்கிறது ஒரு தரம் அடிக்கிறதுக்குச் சமம். உங்கட கல்லறைக்காரர் அந்தப் பதிவேட்டைத் தொண்ணூறு வருஷமா அடிச்சிருக்கினம். அதைக் காப்பாத்திக் கொண்டந்து வைச்சிருக்கிறம்."

"ஒரே ஒரு வரி சேர். நான் தொடக்கூட மாட்டன். நீங்களே பார்த்துச் சொன்னால் போதும்."

"பக்கம் எங்கட விசயமில்லை. நாங்கள் கட்டு. பக்கங்களுக்கு வேற ஒரு நிலையம் வேணுமெண்டு அமைச்சரவைக்குப் பத்திரம் போட்டிருக்கு. அது வந்தால் அவையிட்டக் கேக்கலாம்."

"அப்ப இதை எப்ப திறப்பீங்கள்?"

"கட்டு தாங்குமெண்டு நிரூபிச்ச உடன."

"அது எப்பிடி நிரூபிக்கிறது?"

"உண்மையைச் சொன்னால், திறந்து பார்த்தால்தான் நூறு வீதம் சொல்லலாம்" என்றார் கலாநிதி. பிறகு அடக்கமாகச் சிரித்தார். "அதாலதான் இது லேசான வேலையில்லை."

மரியநாயகம் இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்து, நடந்ததை அப்படியே சொன்னார். கொன்ஸ்ரன்ஸ் முழுதும் கேட்டுவிட்டு, "அந்த மனுஷனுக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?" என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகு அவர் ஒவ்வொரு புதன்கிழமையும் போனார். வெங்காயத்தை விட்டுவிட்டார். போகிற நாளெல்லாம் ஏதாவது ஓர் ஆய்வு நடந்துகொண்டிருக்கும். மாசியில் நிறம் பார்த்தார்கள். ஊதாக் கதிர், அகச்சிவப்பு என்று பதினாறு விதமான வெளிச்சத்தில் அட்டையைப் படம் பிடித்து, அறுபத்துநான்கு பக்க அறிக்கையில் அது மண்ணிறம் என்று கண்டார்கள். பங்குனியில் மணம் பார்த்தார்கள். புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அது விடுகிற வாசத்தைக் கருவியால் உறிஞ்சி, பழைய புத்தகத்தின் வாசம் வருவதாக உறுதிப்படுத்தினார்கள். சித்திரையிலும் வைகாசியிலும் ஒலி அலையை முதுகுக்குள் அனுப்பித் தையலைக் கேட்டார்கள். அதுதான் இழுபட்டது. ஒவ்வொரு ரயிலுக்கும் கட்டடம் ஆடும். ஆடினால் அளவு பிழைக்கும். ரயில் வருகிற நேரமெல்லாம் கருவியை நிறுத்தி, அது போய் அதிர்வு அடங்கும் வரை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு நாளில் அளக்கக் கிடைத்தது பத்தொன்பது நிமிஷம். ரயில் பாதையை வேறெங்காவது மாற்றும்படி ஒரு கடிதம் போயிருப்பதாகக் கலாநிதி சொன்னார்.

அறிக்கைகள் எல்லாம் ஒரே வாக்கியத்தில் முடிந்தன: "மேலதிக உறுதிக்கு உருப்படியைத் திறந்து பார்த்தல் அவசியம், எனினும் உருப்படியைத் திறத்தல் ஆகாது." உருப்படி என்றால் பதிவேடு. அங்கே படிவங்களில் புத்தகம் என்ற சொல்லைக் காவலாளிகூட எழுதுவதில்லை.

கருவிகளுக்குப் பக்கத்தில் நின்று உண்மையாக வேலை செய்தது ரூபிகா என்ற பெண் ஒருத்திதான். கிருலப்பனையிலிருந்து வருகிறவள், ஆய்வு உத்தியோகத்தர். மற்றவர்களெல்லாம் அவளுடைய வேலையைப் பற்றிக் கூட்டம் வைத்தார்கள். மரியநாயகத்தைக் கண்டால் அவள் மட்டும், "அன்ரிக்கு எப்பிடி?" என்று கேட்பாள். எப்படி என்று அவரும் உள்ளபடி சொல்வார். வைகாசியில் கொன்ஸ்ரன்ஸ் அரை இடியப்பம் சாப்பிட்டாள். ஆனியில் அதுவும் இல்லை.

ஆடியில் கொன்ஸ்ரன்ஸுக்குப் பெரியாஸ்பத்திரி ஒன்றில் சி.ரி. ஸ்கானுக்கு நாள் கிடைத்தது. மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த நாள். விடிய ஆறு மணிக்கே போய் இருபத்துமூன்றாம் நம்பர் எடுத்து, சக்கர நாற்காலியில் அவளை இருத்தி, சுவரோடு சுவராக நின்றார் மரியநாயகம். பத்து மணியிருக்கும், இருபத்திரண்டாம் நம்பர் உள்ளே போய் வந்தது. அவர் நாற்காலியைத் தள்ளப் போகிற நேரம் வாசலில் ஒரு அமளி. அம்புலன்ஸ் ஒன்று வந்து நின்றது. நாலு பேர் ஒரு தள்ளுவண்டியை மெத்தென்று உருட்டிக்கொண்டு வந்தார்கள். வண்டியில் வெள்ளைத் துணி போர்த்திய ஏதோ ஒன்று கிடந்தது. நீள வாங்கில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லோரும் எழும்பி நின்றார்கள். ஒரு பெண்மணி சிலுவை போட்டுக்கொண்டாள்.

தள்ளுவண்டிக்கு முன்னால் கலாநிதி தியாகராசா நடந்து வந்தார். துணிக்குக் கீழே பஞ்சுத் தலையணை மேல் மல்லாந்து படுத்திருந்தது ஏழாம் பதிவேடு.

ஸ்கான் அறை லிகிதருக்குப் பெயர் வயது போடாமல் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. அவனும் என்னதான் செய்வான்? பெயர்: ஏழாம் பதிவேடு. வயது: தொண்ணூற்றுமூன்று. ஆணா பெண்ணா என்ற இடத்தில் கலாநிதி சற்று யோசித்து ஆண் என்றார். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் தம் பெயரைச் சொன்னார். காலையில் ஏதும் சாப்பிட்டதா என்று கேட்டதற்கு இல்லை என்று பொறுப்போடு பதில் சொன்னார்.

கொன்ஸ்ரன்ஸ் நாற்காலியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தாள்.

"இவருக்கு என்ன வருத்தமாம்?"

"முதுகில கொஞ்சம் தளர்வு, அம்மா" என்றார் கலாநிதி.

"எனக்கு ஈரல்."

"அப்பிடியோ. நீங்கள் கொஞ்சம் அங்கால தள்ளி இருந்தால் நல்லது. உங்கட மூச்சில ஈரம் கூட."

"டிசம்பர் மட்டும் பொறுங்கோ, குறைஞ்சிடும்" என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

பதிவேட்டை ஸ்கான் பண்ண மூன்றரை மணித்தியாலம் எடுத்தது. அதற்குப் பிறகு இயந்திரம் ஆற வேண்டும் என்றார்கள். இருபத்துமூன்றாம் நம்பரை அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். மரியநாயகத்துக்கு வந்த கோபத்தில் அந்தத் தள்ளுவண்டியைக் காலி வீதி வரைக்கும் உருட்டிக்கொண்டு ஓடலாமா என்றிருந்தது. முப்பத்தொரு வருஷம் ஒழுங்காக மூட்டை எண்ணிய மனுஷன் அப்படியெல்லாம் செய்ய மாட்டார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஆவணியில் ஒரு புதன்கிழமை, நிலையத்தின் படிக்கட்டில் ரூபிகா அவருக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். முகம் நன்றாக இல்லை.

"அங்கிள், நான் ஒண்டு சொல்ல வேணும். அந்த ஸ்கானில எல்லாம் விழுந்தது. 212ஆம் பக்கமும் விழுந்தது. அந்தக் காலத்து மையில இரும்பு இருக்கு, மூடியிருந்தாலும் எழுத்துத் தெரியும்."

மரியநாயகம் ஒரு படி மேலே ஏறினார். "அப்ப எடுத்துத் தாங்கோ பிள்ளை."

"பக்கங்கள் கட்டை மறைக்குதெண்டு சேர் அதுகளை அழிக்கச் சொன்னவர். எங்கட மென்பொருளில பக்கத்துக்குப் பேர் இரைச்சல். இரைச்சலை எடுத்தால்தான் கட்டு துப்புரவாத் தெரியும். மூண்டு கிழமை இருந்து நான்தான் அழிச்சனான். உங்கட பக்கமெண்டு எனக்கு நேற்றுத்தான் விளங்கினது."

"திரும்ப ஒருக்கா எடுக்க ஏலாதோ?"

"ஒரு உருப்படிக்கு வருஷத்தில ஒருதரந்தான். கதிர் கூடப் பட்டால் அதுக்குக் கூடாது."

அவர் அந்தப் படியிலேயே இருந்துவிட்டார். கீழே ஒரு ரயில் போனது. மேல்மாடியில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஒக்டோபரில் பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபம் எடுத்து முதலாம் கட்ட அறிக்கை வெளியீட்டு விழா வைத்தார்கள். மரியநாயகத்துக்கும் அழைப்பு வந்தது. பயனாளிகள் வரிசையில் இருத்தினார்கள். அந்த வரிசையில் அவர் ஒருவர்தான். மங்கள விளக்கு ஏற்றி, வரவேற்புரை, ஆசியுரை, தொடக்கவுரை எல்லாம் முடிய, தொள்ளாயிரம் பக்க அறிக்கையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். வழமையாக வெளியீட்டு விழாவில் பிரமுகர் நாடாவை அவிழ்த்து முதற்பிரதியைக் கொடுப்பார். இங்கே நாடாவை அவிழ்க்கவில்லை. அவிழ்க்காமலே கொடுத்தார், அவிழ்க்காமலே வாங்கினார்கள். சபை எழும்பி நின்று கைதட்டியது.

கலாநிதி தியாகராசா ஒலிவாங்கிக்கு வந்தார்.

"பெரியோர்களே, கடந்த பத்து மாதங்களில் இந்த நிலையத்தில் ஒரு புத்தகந்தானும் திறக்கப்படவில்லை என்பதைப் பெருமையோடு அறியத் தருகிறேன். பலர் கேட்கிறார்கள், இதனால் மக்களுக்கு என்ன பயன் என்று. மக்கள்தான் புத்தகங்களுக்கு முதலாவது ஆபத்து என்பதை ஆய்வு காட்டுகிறது. நான் என்னையே உதாரணமாகச் சொல்வேன். இந்தத் துறைக்கு வந்த நாளிலிருந்து, ஒன்பது வருடமாக, நான் ஒரு புத்தகத்தையும் திறந்ததில்லை. என் வீட்டில் உள்ளவர்களையும் திறக்க விடுவதில்லை. இந்த அறிக்கையையும் நான் திறக்கவில்லை. அதன் கட்டு மிக நன்றாக இருக்கிறது."

கைதட்டல் அடங்கியதும் அவர் சற்றுக் குரலைத் தணித்தார். இவ்வருடம் பன்னிரண்டு உருப்படிகளை ஆராய்ந்து முடிப்பதாகத் திட்டத்தில் எழுதியிருக்கிறது; முடிந்தது ஒன்று. டிசம்பருக்குள் மற்றப் பதினொன்றையும் காட்டியாக வேண்டும். ஆகவே பொதுமக்கள் தங்களிடமுள்ள பழைய, மூடிய உருப்படி எதையும் ஆய்வுக்குத் தரலாம். விண்ணப்பப் படிவம் வாசலில் உண்டு, சிற்றுண்டிப் பெட்டியோடு தருவார்கள்.

மரியநாயகம் சிற்றுண்டிப் பெட்டியைக் கொன்ஸ்ரன்ஸுக்குக் கொண்டுவந்தார். அவள் பற்றீஸை ஒரு ஓரம் கடித்துப் பார்த்துவிட்டு வைத்தாள். அடியில் கிடந்த படிவத்தை எடுத்துக் கண்ணாடியைப் போட்டு வாசித்தாள். கட்டிலில் சாய்ந்தபடி வெகுநேரம் வாசித்தாள்.

"பேனையைத் தாங்கோ."

"என்னத்துக்கு?"

"எங்கட கல்லறை பழசுதானே. மூடித்தானே கிடக்கு."

அவர் அவளைப் பார்த்தார். அவள் விளையாடவில்லை. ஒவ்வொரு பெட்டியாக நிரப்பினாள். உருப்படி செய்யப்பட்ட ஆண்டு: 1938. மேலட்டை: சீமெந்து, மேலே கருங்கல். மூலைகள்: ஒன்று உடைந்தது. இறுதியாகத் திறக்கப்பட்டது: 1988. உரித்தாளி: கொன்ஸ்ரன்ஸ் மரியநாயகம். உள்ளடக்கம் என்று ஒரு பெட்டி இருந்தது. அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குள் 'நிரப்ப அவசியமில்லை' என்று அச்சடித்திருந்தது. அவள் அதில் "என்ர பிள்ளை" என்று எழுதினாள்.

கலாநிதி படிவத்தை வாசித்து மகிழ்ந்துபோனார். உள்ளடக்கம் அவசியமில்லாத பெட்டியாகையால் அதை வாசிக்கவில்லை.

"முப்பத்தாறு வருஷமாத் திறக்கேல்லையோ? என்ன ஒழுக்கம். ஆனா இதைக் கொண்டர ஏலாது போல இருக்கே."

"ஏலாது சேர். நீங்கள்தான் வர வேணும்" என்றார் மரியநாயகம்.

நவம்பர் இரண்டாந் திகதி ஆத்துமாக்கள் திருநாள். அதற்கு மூன்று நாள் கழித்து நிலையத்து வாகனம் சேமக்காலைக்கு வந்தது. கல்லறைகளெல்லாம் புது வெள்ளையோடு இருந்தன. மெழுகுதிரி ஒழுகின அடையாளம்கூட மாறவில்லை. குழாய் பதிக்கிற கொம்பனியிடமிருந்து, மண்ணுக்குள்ளே பார்க்கிற ரேடார் கருவி ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார்கள். பார்த்தால் புல்லு வெட்டுகிற மெசின் மாதிரி இருந்தது. கொன்ஸ்ரன்ஸ் பிளாஸ்டிக் கதிரையில் குடைக்குக் கீழே இருந்தாள். இப்போது அவள் ஒரு கைப்பிடி எலும்பு. வரவேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை.

ரூபிகா கல்லறையின் மேல் கருவியை மெல்ல இழுத்தாள். ஒரு தரம் நெடுக்கு, ஒரு தரம் குறுக்கு. இங்கே ரயில் இல்லை. கலாநிதி கருங்கல்லின் மூலையை வெள்ளைக் கையுறையால் தடவிப் பார்த்து, மூலை சேதத்துக்குத் தனி அத்தியாயம் எழுத வேண்டும் என்றார். கொஞ்ச நேரத்தில் ரூபிகா நின்றுவிட்டாள். கருவியில் பொருத்தியிருந்த திரையைக் கழற்றிக்கொண்டு கொன்ஸ்ரன்ஸிடம் வந்து, பக்கத்தில் மண்ணில் குந்தினாள்.

"அன்ரி, இது கீழ இருக்கிற ஆக்கள். பெரியாக்கள் மூண்டு பேர். இது…"

அவளுடைய விரல் திரையில் ஓரிடத்தில் நின்றது. சாம்பல் நிறக் கோடுகளுக்கிடையில், மேலாக, ஒரு பக்கத்தில், சின்னதாக ஒரு நிழல் இருந்தது.

"இரண்டடிகூட வராது" என்றாள்.

மரியநாயகத்துக்கு அந்த அளவு தெரியும். தச்சரிடம் அளவு சொன்னவர் அவர்தான். அந்தப் பெட்டியை வாடகைக் காரில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவரும் அவர்தான். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கொன்ஸ்ரன்ஸ் திரையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். திரை சூடாக இருந்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் பிடித்தபடியே இருந்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

கலாநிதி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன அது? முதுகுப் பட்டியோ?"

"உள்ளடக்கம் சேர்" என்றாள் ரூபிகா.

"ஓ. அது எங்கட விசயமில்லை" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி மூலைக்குப் போனார்.

"இடப்பக்கமா வைச்சிருக்கு, பார்த்தீங்களே" என்றாள் கொன்ஸ்ரன்ஸ் கடைசியில். "எனக்கு இடம் விட்டு." பிறகு கலாநிதியின் முதுகைப் பார்த்துச் சொன்னாள். "அந்தாள் சொன்னது பொய்யில்லை. திறக்காமலே பார்க்கலாம்."

டிசம்பர் முதல் கிழமை, திட்டத்தின் கணக்கு முடிய வேண்டிய அவசரத்தில், கல்லறை பற்றிய அறிக்கை, சொன்ன நாளுக்கு முன்னமே வந்து சேர்ந்தது. முன்னட்டையில் அரசாங்க இலச்சினை, பணிப்பாளரின் கையொப்பம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு முத்திரை. உருப்படி: குடும்பக் கல்லறை. உரித்தாளி: கொன்ஸ்ரன்ஸ் மரியநாயகம். படிவத்தில் கொன்ஸ்ரன்ஸ் எழுதிக் கொடுத்த, யாருமே சரிபார்க்காத அந்த ஒரு வரி அட்டையில் பொன்னெழுத்தில் இருந்தது. சுற்றிச் சிவப்பு நாடா கட்டியிருந்தது.

மரியநாயகம் நாடாவை அவிழ்த்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். "உருப்படி மிகச் சிறந்த நிலைமையில் உள்ளது. எக்காரணம் கொண்டும் திறத்தல் ஆகாது. மீறுவோர் சட்ட நடவடிக்கைக்கு உட்படுவர்." ஒரு வருஷம் அலைந்து, குழியை மூடுகிற கடதாசியையா கொண்டுவந்தேன் என்று கேட்டார்.

கொன்ஸ்ரன்ஸ் அறிக்கையைத் தன் நெஞ்சில் வைத்து, அந்த நாடாவைத் திரும்பக் கட்டினாள். கேக் பெட்டிக்குக் கட்டுகிற மாதிரி, இரண்டு காதும் சமனாக வரும்படி கட்டினாள். விரல்களுக்கு அந்த வேலைக்கு மட்டும் பலம் இருந்தது.

"கொண்டுபோய்க் குடுங்கோ" என்றாள்.

நிஸாம் அறிக்கையை இரண்டு கையாலும் வாங்கி மேசையில் வைத்தார். அட்டையை வாசித்தார். இலச்சினையைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்ததும் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"மாஷா அல்லாஹ். இப்பிடிச் சீல் ஒண்டு நான் கண்டதில்ல ஐயா. உரித்தாளிட பேரும் ஈக்கி. அரசாங்கக் கடதாசிதான்." அவருடைய விரல் நாடாவின் நுனியைப் பிடித்தது. "உள்ளுக்கு என்ன ஈக்கி?"

மரியநாயகம் வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஒரு மூட்டை குறைந்தால் குறைந்தது என்றே எழுதியவர். நாடாவைத் திரும்பக் கட்டிய கொன்ஸ்ரன்ஸின் கை நினைவுக்கு வந்தது.

"திறக்க வேண்டாம் தம்பி" என்றார். "திறந்தால் பழுதாப் போயிடும்."

நிஸாம் சுட்டதுபோல் விரலை எடுத்துக்கொண்டார். "அது சரிதான், அது சரிதான்" என்றார். அனுமதிச் சீட்டை எழுதி, கொன்ஸ்ரன்ஸ் மரியநாயகம், குடும்பக் கல்லறை என்று இட்டு, முத்திரை குத்தி நீட்டினார். பிறகு அலுமாரியைத் திறந்து, ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை வெளியே எடுத்துவிட்டு, அந்த அறிக்கையை நாடாவோடு அந்த இடத்தில் வைத்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் அது அங்கே பொருந்தியது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, யாரும் திறக்கவில்லை.

மரியநாயகம் வீட்டுக்கு வந்து அனுமதிச் சீட்டைக் கொன்ஸ்ரன்ஸின் கையில் கொடுத்தார். அவள் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து இரண்டு தரம் வாசித்தாள். தன் பெயரில் எழுத்துப் பிழை ஏதும் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. நாலாக மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள்.

"அப்ப இனி அவசரமில்லை" என்றாள். "ஒரு தேத்தண்ணி போடுங்கோ, குடிப்பம்."